இரண்டு விரலால்

கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் ஆந்திரப் பக்கம் வரதய்யபாளையம் வீட்டுக்கு வந்து அறைக்கதவைத் தாழ்போட்டுப் படுத்தால் இடி விழுந்தாலும் தெரியாது. அப்பா, எங்கள் நைனா, சும்மா இருக்கமாட்டார். மணிக்கொருதரம் கதவைத் தட்டுவார், "துன்னுட்டுத் தூங்கும்மா."

ஒருநாள் கத்திவிட்டேன். "ராத்திரியெல்லாம் நின்னுக்கினே வேல செஞ்சிட்டு வரேன் நைனா. இனிமே கதவத் தட்டாத!" எனக்கு வாய் நீளம்.

அதே வாரம் ஒரு மதியம் அவருக்கு மாரடைப்பு. சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது அறை வாசலை ஒட்டி, சுவரில் சாய்ந்தபடி சில்லிட்டுக் கிடந்தார்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்துபோன எதிர்வீட்டு அக்கா காரியத்தன்று சொன்னாள்: "ரெண்டு வெரலால மெதுவா உன் கதவத் தட்டினாரு. இன்னாண்ணான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, பொண்ணு தூங்கட்டும்னாரு." ஆறுதலாகத்தான் சொன்னாள். பாவி, சொல்லாமலே இருந்திருக்கலாம்.

அதன்பிறகு தூக்கம் வராமல் இல்லை. நான்தான் விடவில்லை. கண் சொருகினால் தொடையைக் கிள்ளிக்கொள்வேன். பெற்றவரை வாசலில் சாகவிட்டுத் தூங்கியவளுக்கு இன்னும் என்ன தூக்கம் கேட்கிறது? ஒருநாள் வேலையிடத்திலேயே மயங்கி விழுந்தேன். திருப்பதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

அங்கே மனநல மேடம் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார். இரண்டு விரலால் புருவத்திலும் காறை எலும்பிலும் தட்டிக்கொண்டே, "நான் தூங்கலாம்" என்று சொல்ல வேண்டுமாம். தெலுங்கில் மடமடவென்று ஒப்பித்தேன். உன் பாஷையில், தமிழில் சொல் என்றார். வாய் வரவில்லை. எலும்பில் விழுந்த தட்டு மட்டும் டொக் டொக்கென்று கேட்டது. கையை இழுக்கப் பார்த்தேன்.

"போதும் மேடம்! நைனா இப்டித்தான் தட்டினாரு!"

அவர் என் கையை விடவில்லை. "அப்புடு வினலேது. இப்புடு வினும்மா." அன்றைக்குக் கேட்கவில்லை, இப்போது கேள் என்கிறார். என்ன நெஞ்சழுத்தம் என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தட்டினேன்.

வீட்டிலும் தினம் தட்டினேன். "நான் தூங்கலாம்" மட்டும் நாக்கில் ஏறவே இல்லை. ஒரு மதியம், தட்டிக்கொண்டிருக்கும்போதே, எதைச் சொன்னதற்காக அந்த அக்காவை மனசுக்குள் திட்டினேனோ, நைனாவின் அந்த வார்த்தை தானாக வந்தது. "பொண்ணு தூங்கட்டும்."

திரும்பத் திரும்ப அதையே சொல்லி அழுதேன். எப்போது தூங்கினேனோ தெரியாது.

விழித்தபோது பகல் மணி மூன்று. தாழ் போடாத கதவு பாதி திறந்திருந்தது. சாப்பிடச் சொல்லி யாரும் தட்டவில்லை.