கை தூக்கியவர்களும் கை கழுவியவர்களும்

இந்த நாட்டில் பாவத்தைக் கழுவுவதற்கும் வெந்நீர் போடுகிறார்கள். கனடாவில், ஸ்காபரோவை ஒட்டிய மில்லிக்கனில், கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு பிளாசா இருக்கிறது. ஒரு பக்கம் கார் ஓட்டப் பழக்கும் கடை, மறுபக்கம் சாப்பாட்டுக் கடை, நடுவில் ஒரு தமிழ் பப்ரிஸ்ற் சபை. மேடைக்குப் பின்னால் ஆளை முழுதாய் அமிழ்த்தி ஞானஸ்நானம் கொடுக்க ஒரு தொட்டி. ஷாமினிக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் சேட்டுக் கையை மடித்துக்கொண்டு முதலில் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். குழந்தையைக் குளிக்க வார்க்க முன் தாய்மார் முழங்கையால் பார்ப்பார்களே, அப்படி. சூடு போதவில்லை என்று யாரோ போய் ஒரு சுவிட்சைத் தட்ட, தண்ணீர் காயும்வரை சபை பாடிக்கொண்டிருந்தது. நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே பச்சைத் தண்ணீரை நெற்றியில் வாங்கி வீரிட்டு அழுத யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கம். எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் நின்ற அருள் அண்ணைக்குக் கண் கலங்கியிருந்தது. அவளைச் சபைக்குக் கூட்டிவந்தவர் அவர். ஒரு ஆன்மாவைக் கரைசேர்த்த மீனவனின் பெருமிதம் அவர் முகத்தில் தெரிந்தது.

ஷாமினி முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்பவள். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருக்கும் அப்பார்ட்மென்டில் அதே மாடியில் இருக்கிறாள். சைவக் குடும்பத்துப் பிள்ளை. கட்டினவன் சுவிசில் இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டான் என்று தெரிந்த பிறகு, தனியே சமைத்துச் சாப்பிடப் பிடிக்காமல் ஞாயிறு மத்தியானங்களில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். அங்கேதான் இரண்டு வேட்டைக்காரரிடம் அகப்பட்டாள். ஒருவர் என் மனுசர் சேவியர். பங்குப் பேரவையில் இருப்பவர், பூசைக்கு ரை கட்டிக்கொண்டு போகிறவர். மற்றவர் என் சொந்த அண்ணை அருள். அவர் இங்கே அகதியாக வந்திறங்கிய முதல் பனி மாரியில் ஒரு பப்ரிஸ்ற் கோயில்காரர் அவருக்கு இடமும் உடுப்பும் கொடுத்தார்கள். அந்த மாரி முடிய முன்பே அவர் மறு ஞானஸ்நானம் எடுத்துவிட்டார். "ஒரு ஜக்கெற்றுக்கு மாதாவை மாத்தின ஆள்" என்று என் மனுசர் அவரில்லாத நேரத்தில் சொல்லுவார்.

ஞாயிறுதோறும் சாப்பாட்டு மேசையில் சண்டை நடக்கும். ஊரில் இருக்கும் நீங்கள், கனடாவில் சனத்துக்கு நேரமில்லை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இதற்கு நேரம் இருக்கிறது.

"கைக்குழந்தைக்கு என்ன தெரியும் எண்டு ஞானஸ்நானம் குடுக்கிறியள்? விசுவாசிச்சவன்தான் எடுக்கவேணும். வேதத்தில அப்பிடித்தான் கிடக்கு" என்பார் அண்ணை.

"குழந்தைக்குப் பால் குடுக்கேக்கை அதிட்டைச் சம்மதம் கேக்கிறியளோ, மச்சான்?"

"சரி, மாதாவிட்டை ஏன் போறியள்? நேர இயேசுவிட்டைப் போகலாம்தானே."

"நீங்கள் கனடாவுக்கு நேரையோ வந்தனீங்கள்? ஏஜென்சிக்காரனைப் பிடிச்சுத்தானே வந்தனீங்கள்."

இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள், அண்ணையும்தான். நண்டுக் கோதுகள் கோப்பையில் குவியும். பாவசங்கீர்த்தனம், பாப்பரசர், சுரூப வழிபாடு என்று ஒவ்வொன்றாக வரும். மேசையைத் துடைக்கும் வேலையைப் பற்றி மட்டும் இரண்டு திருச்சபைகளுக்கும் ஒரு போதனையும் இல்லை. ஷாமினி இரண்டு பக்கமும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குப் பித்தப்பையில் ஒப்பரேசன் நடந்தபோது எங்கள் கோயில் அலுவலகத்துக்கு நான் எடுத்த போனுக்கு ஒரு இயந்திரம் பதில் சொன்னது. பாஸ்டர் சூப்போடு ஆஸ்பத்திரிக்குப் போனார். போட்டி அதோடு முடிந்தது.

ஷாமினி ஞானஸ்நானம் எடுத்த பிறகு வந்த மாரியில் எங்கள் பக்கம் ஒரு இடி விழுந்தது. தமிழ்ப் பூசை வைக்கும் சுவாமி, எங்கள் பங்குக் குரு, ஒரு ஞாயிறு வரவில்லை. வேறொருவர் வந்து, "நமது சுவாமி ஓய்வுக்காகச் சென்றுள்ளார், அவருக்காக மன்றாடுவோம்" என்று வாசித்துவிட்டுப் பூசையைத் தொடங்கினார். பாடகர் குழுவில் இருந்த ஒரு பெண்ணிடம் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி அவளும் தாய்தகப்பனும் மேலிடத்தில் முறையிட்டிருந்தார்கள் என்பது கார் தரிப்பிடத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. பேரவையில் இருந்த என் மனுசருக்குக்கூட ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவர் அவமானமாக எடுக்கவில்லை. மேலிடம் காக்கும் இரகசியத்தில் தனக்கும் ஒரு பங்கு கிடைத்ததுபோல் முகத்தை இறுக்கிக்கொண்டு திரிந்தார். நாங்கள் எல்லாரும் முழங்காலில் நின்று சுவாமிக்காக மன்றாடினோம். அந்தப் பெண்ணுக்காக மன்றாடும்படி ஒருவரும் கேட்கவில்லை. அந்தக் குடும்பம் பிறகு கோயிலுக்கு வரவும் இல்லை.

அண்ணைக்கு அன்று பெருநாள். "கலியாணம் கட்டவிடாமல் ஆம்பிளையளை அடைச்சு வைச்சா உதுதான் நடக்கும். எங்கடை பாஸ்டருக்கு மனிசி பிள்ளையள் இருக்கு. கேள்வி கேக்கச் சபை இருக்கு. வோட் போட்டுத்தான் எடுத்தனாங்கள், பிழை விட்டால் வோட் போட்டு அனுப்புவம்."

"சாத்தான் முதல்ல மேய்ப்பனைத்தான் அடிப்பான்" என்றார் என் மனுசர், சோற்றைப் பிசைந்துகொண்டு.

எனக்கு ஊர் நினைவு வந்தது. சண்டைக் காலத்தில் எங்கள் கோயில் சுவாமி வெள்ளை அங்கியோடு ஆமிக்காரனின் துவக்குக்கு முன்னால் போய் நின்று, பிடித்து இருத்தி வைத்திருந்த ஆட்களை வீட்டுக்குக் கூட்டிவந்ததை நான் கண்ணால் கண்டவள். ஷெல் விழுந்த நாட்களில் அவர் கோயிலைத் திறந்துவிட, சைவச் சனமும் வேதச் சனமான நாங்களும் ஒரே வாங்குகளில் நெருக்கியடித்துப் படுத்தோம். அவருக்கென்று வந்த கஞ்சியை அவர் குடித்து நான் காணவில்லை. அந்த மனுசன் அந்த அங்கிக்குத் தேடிக்கொடுத்த மரியாதையில்தான் இன்றுவரை எத்தனையோ பேர் வயிறு வளர்க்கிறார்கள். சுவாமிமாரைப் பற்றிக் கதைத்தால் நாக்கு அழுகிப்போகும் என்று அம்மா சொல்லுவா. எனக்குத் தெரிந்து கதைத்த ஒருவருக்கும் நாக்கு அழுகவில்லை. கதைக்காமல் இருந்தவர்களுக்கு உள்ளே எது அழுகியது என்று அம்மா சொல்லித்தரவில்லை.

பனி கரையத் தொடங்கிய நாட்களில் ஒருநாள், வேலைத்தலத்து இடைவேளையில், ஷாமினி தேத்தண்ணியை ஆற்றியபடி இருந்தாள். குடிக்கவில்லை.

"அக்கா, பாஸ்டர் செபிக்க எண்டு வீட்டை வாறவர். முதல் தலையில கை வைச்சவர். பிறகு..." நிறுத்தினாள். "நான் தள்ளிவிட்டனான். அதுக்கு அவர் சொல்லுறார், நான் இன்னும் ஆவியில வளரேல்லையாம்."

"ஆருக்கும் சொன்னனியோ?"

"உங்கடை அண்ணையிட்டைச் சொன்னனான். அவர்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்."

"அவர் என்ன சொன்னவர்?"

"சபையின்ரை சாட்சி கெட்டுப்போகுமாம். வெளியில சொல்லாமல் உபவாசம் இருந்து செபிக்கட்டாம்."

வேலை முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. நேரே யூனியன்வில்லில் இருக்கும் அண்ணை வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் பனி தள்ளும் சவலைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"அண்ணை, அவள் உங்களை நம்பி வந்தவள்" என்றேன்.

"பிள்ளை, நீ கத்தோலிக்கம். உனக்கு உது விளங்காது. அபிஷேகம் பண்ணப்பட்டவன்மேல கை போடக்கூடாது எண்டு வேதம் சொல்லுது."

"அபிஷேகம் பண்ணப்பட்டவன் கை போடலாமோ?"

சவல் ஏற்கெனவே சுத்தமாகிவிட்டது. ஆனாலும் அண்ணை அதைக் கழுவிக்கொண்டேயிருந்தார்.

ஷாமினி உபவாசம் இருக்கவில்லை. பெண்கள் செபக்கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அந்தக் கிழமை ஸ்காபரோவில் இந்தக் கதை போகாத தமிழ்க் குசினி இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை என் மனுசர் நான் கேட்காமலே ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வந்தார். அண்ணை வந்து கதிரையில் அமர முன்பே தொடங்கிவிட்டார்.

"எங்கை மச்சான், கலியாணம் கட்டினவருக்கு என்ன நடந்தது?"

"ஒரு தனி மனிசன்ரை பலவீனம் மச்சான். சபையைக் குறை சொல்லாதையுங்கோ." எங்கள் சுவாமிக்காக என் மனுசர் சொன்ன அதே மாதிரி நியாயம்தான். வாய் மட்டும் வேறு. ஆளுக்கொரு கோல் போட்டுச் சமநிலையான பந்தடிபோல் இரண்டு பேரும் கொஞ்ச நேரத்தில் ஆறுதலடைந்தார்கள். ஷாமினியின் கதிரை வெறுமையாக இருந்தது. அவள் ஏன் வரவில்லை, சாப்பிட்டாளா என்று இருவரில் ஒருவரும் கேட்கவில்லை. நான் இறைச்சிச் சட்டியை மேசையிலிருந்து தூக்கிக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குப் போனேன். எனக்குப் பின்னால், "இறைச்சி எங்கை?" என்று என் மனுசரின் குரல் கேட்டது.

பாஸ்டரை வைத்திருப்பதா அனுப்புவதா என்று தீர்மானிக்க ஒரு சனிக்கிழமை பின்னேரம் சபைக் கூட்டம் வைத்தார்கள். ஷாமினி தனியாகப் போகக்கூடாது என்று நானும் போனேன். கூட்டத்தை நடத்த பப்ரிஸ்ற் சபைகளின் சங்கத்திலிருந்து ஒரு உயரமான வெள்ளைக்காரர் வந்திருந்தார். வாசலில் என்னிடம், "ஆர் யூ எ மெம்பர்?" என்று கேட்டார். "நோ, ஐ ஆம் கத்தோலிக்" என்றேன். அவர் முகம் இரங்கிப்போனது. குரலைத் தாழ்த்தி, "யூ ஆர் சேஃப் ஹியர்" என்றார். சுவாமிமாரிடமிருந்து தப்பி வந்த அகதி என்று என்னை நினைத்துவிட்டார். இந்த நாட்டில் நான் இரண்டாவது தடவையாக அகதியானது அப்படித்தான்.

பாஸ்டர் வேதாகமத்திலிருந்து, தாவீது ராசா பிறன்மனையில் விழுந்த பாவத்தை வாசித்து அழுதார். வெள்ளைக்காரர் கிரேஸ், கிரேஸ் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மொழிபெயர்த்தவர் கிருபை, கிருபை என்றார். நாங்கள் அதை அருள் என்போம். சொல்லில்தான் வித்தியாசம். அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் இரண்டு பக்கமும் ஒரே மனம். பாஸ்டர் மூன்று மாதம் ஓய்வெடுத்துத் திரும்பி வரலாம் என்பது தீர்மானம். செபக்கூட்டத்தில் வாய்திறந்ததற்காக ஷாமினி ஒழுங்கு நடவடிக்கையில் இருப்பதால் அவளுக்கு வோட் இல்லை. ஆதரவானவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். முதலில் தூக்கியது பாஸ்டரின் மனைவியின் கை. பிறகு வாங்கு வாங்காகக் கைகள் எழும்பின. முன்வரிசையில் இருந்த அண்ணை திரும்பி என்னைப் பார்த்தார். அவர் தூக்கமாட்டார் என்று ஒரு கணம் நினைத்தேன். தூக்கினார். அரைகுறையாக இல்லை, முழங்கை நேராக.

எங்கள் கோயிலில் ஒருவரையும் கேட்காமல் செய்ததை இங்கே எல்லாரையும் கேட்டுச் செய்து முடித்தார்கள். இதைத்தான் இத்தனை வருசமாக இரண்டு சபைகளுக்கும் உள்ள பெரிய பேதம் என்று என் மேசையில் அடிபட்டிருக்கிறார்கள்.

அப்போது ஷாமினி எழுந்தாள்.

"எனக்கு வோட் இல்லை. ஒரு கேள்விதான். என்னைத் தண்ணிக்குள்ள அமத்தினதும் தூக்கினதும் உந்தக் கைதான். அந்த ஞானஸ்நானம் செல்லுமோ, செல்லாதோ? அதையும் கை தூக்கிச் சொல்லுங்கோ."

சபை நிலத்தைப் பார்த்தது. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னது எதுவும் விளங்காத வெள்ளைக்காரர் மட்டும் கனிவோடு தலையாட்டி, "தாங்க் யூ ஃபோர் ஷெயாரிங்" என்றார்.

வெளியே காரில் என் மனுசர் காத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். ஷாமினி பின்சீற்றில் ஜன்னலோடு சாய்ந்திருந்தாள். அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்து, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாணவனின் உற்சாகத்தோடு சொன்னார்: "எங்கடை முறைப்படி அது செல்லும் பிள்ளை. குடுக்கிறவன் எவ்வளவு பாவியா இருந்தாலும் திருவருட்சாதனம் செல்லும். அவையளுக்குத்தான் உது சிக்கல்."

"வாயை மூடிக்கொண்டு காரை எடுங்கோ" என்றேன். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை. கார் ஓடியது. பின்னாலிருந்து ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். ஷாமினி சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் சிரித்தேன். அவருக்கு வீடுவரை ஒன்றும் விளங்கவில்லை.

அவள் பொலிசில் முறைப்பாடு கொடுத்தாள். வழக்கு இன்னும் இழுபட்டுக்கொண்டிருக்கிறது. பாஸ்டரின் ஓய்வு முடிய முன்பே சபை இரண்டாக உடைந்தது. அவர் ஒரு பாதியோடு வேறு பிளாசாவில் வேறு பேரில் கடை திறந்துவிட்டார். எங்கள் சுவாமி எங்கோ ஒரு நகரத்தில் தியானம் கொடுப்பதாகக் கேள்வி. அண்ணை கனநாள் வரவில்லை. பிறகு ஒருநாள் கேக் பெட்டியோடு வந்தார். என் மனுசர் பல்கனிக்குப் போன நேரம் பார்த்து, "பிள்ளை, சபை உடையக்கூடாது எண்டுதான் நான் கை தூக்கினனான்" என்றார்.

"சபை உடைஞ்சுதானே போச்சு, அண்ணை."

கேக்கை வெட்டும் கத்தியைத் தேடுவதுபோல் இலாச்சிகளைத் திறந்து மூடினார். கத்தி அவருக்கு முன்னால்தான் கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை.

இப்போது ஞாயிறுகளில் அவர்கள் இரண்டு பேரும் ஹொக்கியையும் பனிக்காலத்தில் காருக்கு மாற்றும் வின்ரர் ரயரையும் பற்றிக் கதைக்கிறார்கள். நல்ல ஒற்றுமை. ஷாமினியும் திரும்ப வருகிறாள். அவளிடம் யாரும் வேதம் கதைப்பதில்லை. ஒருநாள் நானாகக் கேட்டேன், இப்போது எங்கே கும்பிடுகிறாய் என்று.

"எங்கடை ஊர்ச் சைவக் கோயில் திருவிழாவை யூரியூப்பில பாக்கிறன் அக்கா. அதுக்குள்ளையிருந்து ஒருத்தரும் எழும்பி வீட்டை வரேலாதுதானே."

ஊரிலிருந்து என் தங்கச்சி போன் எடுக்கும்போது முதலில் கேட்பது, "பூசைக்குப் போறியோ அக்கா?" என்றுதான். போகிறேன் என்று சொல்லுகிறேன். பொய்யில்லை. இந்த வருசம் பெரிய வியாழன் பூசைக்குக் கோயிலுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம் முகத்தில் வந்து அடித்தது. பீடத்தில் முன்பின் தெரியாத ஒரு சுவாமி நின்றார். என் மனுசர் ரையோடு முன்வாங்கில் இருந்தார். பாடகர் குழுவில் அந்தப் பெண் நின்ற இடத்தில் வேறொரு பெண் நின்றாள். நான் கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த குளிர் கடைசி வாங்கில் இருந்தவர்களைத் திரும்பிப் பார்க்க வைத்தது. இடம் காட்டும் பிலிப்பினோ மனுசன் கிட்டே வந்து, "இன் ஓர் அவுட், மேம்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"யெஸ்" என்றேன்.

எனக்கு இங்கிலிஷ் தெரியாதென்று நினைத்து அவர் கையால் உள்ளே காட்டினார், பிறகு வெளியே காட்டினார். உள்ளே தமிழில் மன்றாட்டுத் தொடங்கிவிட்டது. சனம் சொல்லச் சொல்ல என் வாயும் சேர்ந்து சொன்னது. ஒரு சொல்கூடப் பிசகவில்லை. கால்கள் மட்டும் பனிச் சப்பாத்தோடு வாசற்படியிலேயே நின்றன.