ஒத்துப்போன ரத்த ஓட்டம்

என் மனைவிக்குச் சர்க்கரை. வலது காலுக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். டில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸிலிருந்து அவளையும் ஃபைலையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவது என் வேலை.

மத்திய அரசில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டியவன் நான். முந்தைய காகிதம் இல்லாமல் எதுவும் நகராது என்பதுதான் என் மதம். ஸ்கேன் எடுப்பவர் கேட்பதற்கு முன்பே பழைய ரிப்போர்ட்டை விரித்து வைப்பேன். அவரும் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கிட்டத்தட்ட அதே எண் வரும்வரை கருவியைக் காலில் சாய்த்துச் சாய்த்து வைப்பார். வந்ததும், “சேம் ஹை, அங்கிள்ஜி”, அதேதான் இருக்கிறது என்பார். எனக்குப் பரம திருப்தி.

“காலு ஜில்லுனு இருக்குங்கறேன், நீங்க பேப்பரைத் தடவிக்கிட்டு இருக்கீங்க” என்றாள்.

“மூணு தடவை அளந்தாச்சும்மா. மூணும் ஒண்ணுதான்.”

முதல் ரிப்போர்ட்டையேதான் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தோம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நான்காம் முறை அவசரத்தில் ஃபைலை வீட்டில் விட்டுவிட்டேன். பார்க்கக் காகிதம் இல்லாததால் ஸ்கேன் எடுப்பவர் அவள் காலையே அளந்தார். ரத்த ஓட்டம் பாதிகூட இல்லை. அடுத்த வாரம் அந்தக் காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

பிறகு இடது காலுக்கும் ஸ்கேன் எழுதிக் கொடுத்தார் டாக்டர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன்.

“நீங்க வர வேண்டாம்” என்றாள். “நீங்க வந்தா இந்தக் காலும் நல்லாத்தான் இருக்கும்.”