கார்டு போட்டால் வருவார்களா

எங்கள் வீட்டு மாடிக்குப் போலந்திலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு வேலைக்கு வந்த இன்ஜினியர், அவர் மனைவி, ஹானியா என்ற ஆறு வயதுப் பெண், தவழ்கிற தம்பி ஒருவன். இன்ஜினியர் காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அந்த அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனியில் நிற்பார். தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து, "சாப்டாச்சுங்களா" என்பார்கள். பிரெட்டும் முட்டையும் என்று அவர் விளக்க ஆரம்பிப்பதற்குள் முக்குத் திரும்பியிருப்பார்கள்.

ஹானியாவுக்கு ஏழாவது பிறந்தநாள் வந்தது. தாயும் மகளும் ஒரு வாரம் உட்கார்ந்து, வீட்டுக்கு ஒன்றாகக் கார்டு வரைந்து, தெருவிலிருந்த பன்னிரண்டு வீட்டுத் தபால் பெட்டியிலும் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு எல்லோரும் வர வேண்டும். கார்டு அழகாக இருந்தது. அம்மா அதைப் பிரிட்ஜில் ஒட்டினாள். ஆனால் போவதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. சனிக்கிழமை மத்தியானம் நான்தான் கேட்டேன்.

"அதெப்படிக் கண்ணு போறது? கார்டைப் பொட்டியில போட்டுப்போட்டா ஆச்சா? ஒரு வார்த்த நேர்ல வந்து கூப்பிட வேண்டாமா?" என்றாள் அம்மா. அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கூப்புடாத ஊட்டுக்குப் போயி நின்னா நல்லாவா இருக்கும்?" என்றார்.

இருவருக்கும் மேல்வீட்டின் மேல் ஒரு கோபமும் கிடையாது. சந்தகை பிழிந்தால் முதல் தட்டு மாடிக்குத்தான் போகும். ஆனால் எங்கள் பக்கத்தில் முறை என்று ஒன்று இருக்கிறது. பக்கத்து வீட்டில் விசாரித்தேன், எதிர்வீட்டில் விசாரித்தேன். எல்லோருக்கும் போக ஆசைதான், எல்லோரும் அழைப்புக்காகக் காத்திருந்தார்கள். மாடியிலோ ஹானியா பேப்பர் தட்டுகளை வரிசையாக அடுக்கி, யார் எங்கே உட்கார வேண்டும் என்று பெயர் எழுதிக்கொண்டிருந்தாள்.

கேட்காமலே முன்னால் போய் நிற்பது அப்போதே என் குணம். சாமி அறையிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனேன். "அக்கா, இப்படிக் கூப்பிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. நீங்களும் அங்கிளும் சேந்து ஊடு ஊடாப் போகோணும்" என்று பள்ளிக்கூட இங்கிலீஷும் கையுமாக விளக்கினேன். அவர் உள்ளே போய், அன்று லீவில் வீட்டிலிருந்த இன்ஜினியரைக் கூட்டிவந்தார். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள்.

"நாளைக்குப் புள்ளைக்குப் பொறந்தநாளுங்க. குடும்பத்தோட வந்துரோணுமுங்க." இதைப் பத்து நிமிடத்தில் மனப்பாடம் செய்ய வைத்தேன். முதல் அழைப்பு எங்கள் வீட்டுக்கே. அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டினார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து குங்குமம் எடுத்துக்கொண்டு, "அப்படிங்களா, ரொம்பச் சந்தோசமுங்க. கண்டிப்பா வந்தர்றோம்" என்றாள். பிரிட்ஜில் ஒட்டிய கார்டு அவள் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. என் அம்மா இவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று அன்றுதான் தெரிந்தது.

பன்னிரண்டு வீட்டிலும் இதே கதைதான். எல்லா வீட்டிலும் காபி. ஐந்தாவது வீட்டில் இன்ஜினியர் டம்ளரைப் பார்த்ததும் தயங்கினார். "ஒரு வாயாவது குடிச்சிருங்க, இல்லீன்னா சங்கடப்படுவாங்க" என்று காதில் சொன்னேன். ஆறடி மனிதர் கைகூப்பியபடி என் பின்னால் நடந்து வந்தது எனக்குப் பெரிய கௌரவமாக இருந்தது. கடைசி வீட்டில் அக்கா நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் தானாகச் சேர்த்துக்கொண்டார். "வராம இருந்தராதீங்க."

மறுநாள் பன்னிரண்டு குழந்தைகளுக்கு என்று செய்த கேக்குக்கு நாற்பது பேர் வந்தார்கள். காங்கேயத்திலிருந்து எதிர்வீட்டுக்கு வந்திருந்த விருந்தாளிகளும் அதில் சேர்த்தி. கேக்கைக் கடலை மிட்டாய் அளவுக்கு நறுக்கினோம். அம்மா ஓடிப்போய் ஒரு குண்டா தக்காளிச் சாதம் கிளறிக்கொண்டு வந்தாள். ஹானியாவுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் மட்டும் ஏழு சேர்ந்தன. தம்பி யார் யார் மடியிலோ மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தான். வந்தவர்கள் யாரும் சீக்கிரம் கிளம்பவில்லை.

எல்லோரும் போன பிறகு என்னிடம் டிபன் பாக்ஸ்களை உள்ளே கொண்டுபோய் வைக்கச் சொன்னார்கள். படுக்கையறையில் இரண்டு பெரிய பெட்டிகள் திறந்து கிடந்தன. ஒன்றில் அக்காவின் துணிகள், இன்னொன்றில் குழந்தைகளுடைய கம்பளிச் சட்டைகள். இன்ஜினியரின் சட்டை ஒன்றுகூட அவற்றில் இல்லை.

"ஊருக்குப் போறீங்களாக்கா?"

அக்கா கதவருகே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்து பெட்டிகளைப் பார்த்தார். அப்புறம், "இல்லீங்க" என்றார். ஒன்பது வயதுப் பெண்ணுக்கும் 'ங்க' போட்டார். தரையில் உட்கார்ந்து கம்பளிச் சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். நான் அவற்றைத் திரும்ப அலமாரியில் அடுக்கினேன். பெட்டி காலியாகிற வரை அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார், தூசி போலிருக்கிறது என்று நினைத்தேன். விருந்துக்கு வந்தவளிடம் இப்படி வேலை வாங்குகிறாரே என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.