சேதமில்லை என்று எழுதினேன்

துறைமுகத்தில் நான் பார்த்த வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் என் மனைவிக்கு நான் செய்ததை மட்டும் சொன்னால் என்னைக் கொடுமைக்காரன் என்று நினைப்பீர்கள். நான் அப்படிப்பட்டவன் இல்லை. பெட்டி எண்ணுகிறவன், அவ்வளவுதான்.

வெள்ளைக்காரனின் கடற்படை மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகு, திருகோணமலையில் தேயிலை ஏற்றுகிற ஒரு கம்பனியில் கிளாக்கராக இருந்தேன். மலைநாட்டிலிருந்து வரும் தேயிலைப் பெட்டிகளைப் பார்ஜில் ஏற்றி, நடுத்துறையில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலுக்குக் கொண்டுபோவார்கள். நான் பார்ஜில் நின்று எண்ணுவேன். நான்கு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தால் ஒரு கட்டு. தகரப் பட்டி அறுந்திருக்கிறதா, பலகை உடைந்திருக்கிறதா, பெட்டி நனைந்திருக்கிறதா என்று வெளியே பார்ப்போம். கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால் தாளின் அடியில் ‘சேதமில்லை’ என்று எழுதிக் கையெழுத்து வைப்போம். பெட்டியை ஒருவரும் திறப்பதில்லை. திறக்க எங்களுக்கு அதிகாரமும் இல்லை. அடித்தல் திருத்தல் இல்லாமல் தாள் எழுதுகிறவன் என்று எனக்குக் கம்பனிக் கந்தோரில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரால் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

என் தகப்பனின் தங்கை தஞ்சாவூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அவர் பார்த்த சம்பந்தம்தான் என் மனைவி. நான் இரண்டு கிழமை லீவு எடுத்துக்கொண்டு போய், அங்கே ஒரு கோயிலில் தாலி கட்டிவிட்டுத் திரும்பினேன். அவளுக்கு விசா கிடைக்க ஏழு மாதம் எடுத்தது. தனுஷ்கோடியிலிருந்து கப்பலில் தலைமன்னாருக்கு வந்து இறங்கியவளை ரயிலில் கூட்டிவந்தேன். ஒரு தகரப்பெட்டி, ஒரு துணிப்பை, ஒரு வருடத்துக்கான விசா முத்திரை குத்திய கடவுச்சீட்டு, இவ்வளவோடும் வந்தாள். துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியும் உள்ள வாடகை வீட்டில் குடியிருந்தோம்.

வந்த முதல் மாதத்திலேயே எனக்கு ஒரு யோசனை பிடித்துக்கொண்டது. இவள் இந்த நாட்டுப் பிரசை இல்லை. ஒரு காய்ச்சல் தலையிடி வந்தால் என்ன செய்வது? அரசாங்கப் பெரியாஸ்பத்திரியில் முதலில் விசாவைத்தான் கேட்பார்கள், வெளிநாட்டுக்காரருக்கு மருந்து கொடுக்கமாட்டார்கள் என்று கந்தோரில் யாரோ சொன்னார்கள். அது உண்மையா என்று ஆஸ்பத்திரிக்கு நடந்துபோய் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. நான் போகவில்லை. கம்பனியில் உத்தியோகத்தரின் குடும்பத்துக்கு மருத்துவக் காப்புறுதி இருந்தது; அதில் மனைவியைச் சேர்த்துவிட்டால் பட்டினத்தில் ஒரு தனியார் டாக்குத்தரிடம் ராசாத்தி மாதிரிப் போய்வரலாம் என்று கணக்குப் போட்டேன்.

அது இலேசில் நடக்கவில்லை. கலியாணப் பதிவுப் பத்திரம் கேட்டார்கள். எங்கள் ஊரில் எழுத்து, அதாவது பதிவு, முடிந்த பிறகுதான் தாலி. அவள் ஊரில் தாலியோடு எல்லாம் முடிந்தது, பதிவும் இல்லை கிதிவும் இல்லை. ஆகவே இங்கே பதிவுகாரரிடம் போய், கழுத்தில் தாலியோடு நின்றவளை மறுபடியும் எழுத்தில் கட்டினேன். அவர் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, “தம்பி, இது முதலாம் கலியாணமோ ரெண்டாம் கலியாணமோ?” என்று கேட்டார். “முதலாவதுதான், ரெண்டாந்தரம் செய்யிறன்,” என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

பிறகு கொழும்புத் தலைமைக் கந்தோருக்குக் கடிதம் மேல் கடிதம். விசாப் பிரதி, எழுத்துப் பிரதி, படம் இரண்டு. எங்கள் பெரிய கிளாக்கர் பொறுமையான மனிதர். என் தொல்லை தாங்காமல், “ஐசே, உம்மட மனுசியைச் சேர்க்காட்டி நீர் என்னைச் சாகக் கொல்லுவீர்,” என்று சொல்லிவிட்டு அவரே ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதினார். கடைசியில் விண்ணப்பப் படிவம் வந்தது. வெற்றி பெற்றவன் மாதிரி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன்.

படிவம் இங்கிலீசில் இருந்தது. அவளுக்குத் தமிழ்தான் தெரியும். மூன்றாம் பக்கத்தில் வருத்தங்களின் பெயர்கள் வரிசையாக இருந்தன. காசநோய், இருதய நோய், ஆஸ்த்மா, நீரிழிவு, வலிப்பு என்று பதினைந்து இருபது. இவற்றில் ஏதும் முன்பு இருந்ததா என்பது கேள்வி. எதிரே இருபத்திரண்டு வயதுப் பெண் நிற்கிறாள், நல்ல நிறம், நல்ல பல், நடையில் ஒரு குறையும் இல்லை. முதல் வரியில் ‘இல்லை’ என்று எழுதினேன். அதற்குக் கீழே எல்லா வரிக்கும் ‘மேற்படி’ என்பதற்கு நாங்கள் போடுகிற இரட்டைக் கோட்டைப் போட்டுக்கொண்டே போனேன். பார்ஜில் தாள் எழுதுகிற அதே கை, அதே வேகம்.

“அதுல என்ன கேட்டிருக்கு?” என்றாள்.

“ஒண்டுமில்லை. வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு கேட்டிருக்கு. இல்லை எண்டு போட்டிட்டன். நீர் இதில கையெழுத்து வையும்.”

பேனாவை வாங்கியவள் எழுதாமல் நின்றாள். புதிதாக என் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து எழுத வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விட்டேனா? சிரித்துக்கொண்டு ஒரு பகிடி வேறு விட்டேன்.

“கெதியா வையும். இதில பொய் எண்டு கண்டுபிடிச்சாங்கள் எண்டால் என்னை வேலையால நிப்பாட்டிப்போட்டு, உம்மைத் தலைமன்னாரில கப்பல் ஏத்தி விட்டிடுவாங்கள்.”

அவள் கையெழுத்து வைத்தாள். நான் மை உலரும் வரை ஊதிவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவளுக்கு முட்டு இருந்தது. நாங்கள் முட்டு என்பதை அவள் ஊரில் இழுப்பு என்பார்கள், படிவத்தில் ஆஸ்த்மா என்றிருந்தது. சின்ன வயதிலிருந்தே இருந்ததாம். அதை நான் தெரிந்துகொள்ள இன்னும் பத்து மாதம் இருந்தது. அந்தப் பத்து மாதமும் என் கண்ணுக்கு முன்னால்தான் எல்லாம் நடந்தது.

நான் வேலையால் வரும்போது சட்டையெல்லாம் தேயிலைத் தூசி. அதை அவள் உதறித் துவைக்க வேண்டும். கிணற்றடியில் மூக்கையும் வாயையும் ஈரத்துணியால் கட்டிக்கொண்டு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு உதறுவாள். “இதென்ன, கொள்ளையடிக்கப் போறீரோ?” என்று சிரித்தேன். குசினியில் ஈரவிறகு புகைந்தால் பாதிச் சமையலில் எழும்பி வெளியே போய்விடுவாள். எனக்குச் சோறு பிந்தும். சத்தம் போட்டேன். வேலியில் நின்ற ஆடாதோடை இலையைப் பிடுங்கி அவித்துக் குடிப்பாள். கேட்டால், எங்க ஊர் பழக்கம் என்பாள். படுக்கையில் நீட்டி நிமிர்ந்து படுக்கமாட்டாள்; சுவரில் தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வாள். புழுக்கமாம். மாரி மழை கொட்டுகிற மார்கழியில் என்ன புழுக்கம் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்தேன், ஒன்றையும் கேட்கவில்லை.

இதற்கிடையில் காப்புறுதி அட்டை வந்தது. அவள் பெயர் தட்டச்சில் அடித்து, கீழே முத்திரை. அதை அலுமாரியில் அவளுடைய கடவுச்சீட்டோடு வைத்துவிட்டு, “இனி உமக்கு ஒரு பயமும் இல்லை,” என்றேன். அவள் தலையாட்டினாள். பயம் அன்றைக்குத்தான் அவளுக்குக் கூடியது என்று இப்போது தெரிகிறது.

தை மாதத்தில் ஒரு நாள் இரண்டு கப்பல்கள் ஒன்றாக நின்றன. காலையில் போன நான் பின்னேரம்தான் கரைக்கு வந்தேன். கேற்றில் நின்ற காவலாளி ஓடிவந்து, மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார். தேயிலைத் தூசியோடு ஓடினேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் மூதூரைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அம்மா இருந்தார். அவர்தான் வார்ட்டு வாசலில் நின்றார். என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, புள்ள கிணத்தடியில உழுந்து கிடந்திச்சு. உதடெல்லாம் நீலம். நான் காரொண்டப் புடிச்சுக் கொண்டுவந்தன். நீங்க அந்த நேரம் கடலுக்குள்ள.”

எனக்கு அப்போதும் வாயில் என்ன வந்தது தெரியுமா? “விசாவைக் கேட்டவையோ?” என்று கேட்டேன்.

அந்த அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “ஒருத்தரும் ஒண்டும் கேக்கல்ல. பேரும் வயசும் கேட்டாங்க. உடனே ஊசி போட்டாங்க. இது என்ன கேள்வி, தம்பி?”

டாக்குத்தர் இளம் வயதுக்காரர். எவ்வளவு காலமாக இந்த வருத்தம் என்று என்னிடம் கேட்டார். தெரியாது என்றேன். கணவன்தானே என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் அதற்கு மேல் என்னோடு கதைக்காமல் அவளிடம் திரும்பினார். “சின்ன வயசுலேர்ந்து,” என்றாள், ஒவ்வொரு எழுத்தாக மூச்சைப் பிடித்து. அவர் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு, “ஒரு வருசமா மருந்தில்லாமல் விட்டிருக்கிறியள். நெஞ்சு நல்லாப் பழுதுபட்டுப் போச்சு. இனிப் பழைய நிலைக்கு வராது. கவனமாப் பாருங்கோ,” என்றார்.

நான்கு நாள் கழித்து அவளால் மூச்சுவாங்காமல் பேச முடிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அது என் சுபாவம்.

“அம்மா சொல்லாதன்னாங்க. மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டாங்கன்னு பேர் வந்துரும்னாங்க. இங்க வந்து கொஞ்ச நாள் போனதும் நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க அதுல இல்லைன்னு எழுதிட்டீங்க. அப்புறம் எப்படிச் சொல்றது? சொன்னா உங்களுக்கு வேலை போயிடும். என்னையும் கப்பல் ஏத்திடுவாங்கன்னீங்க.”

நான் அப்படிச் சொன்னேனா என்று கேட்க வாயெடுத்தேன். சொன்னது ஞாபகம் வந்தது. ஒரு பகிடியை அவள் பத்து மாதம் நெஞ்சில் சுமந்திருக்கிறாள். முதல் நாளே சொல்லியிருந்தால் அவளுடைய வீட்டாரை நான் சும்மா விட்டிருக்கமாட்டேன் என்பதும் உண்மை. கத்தியிருப்பேன், அத்தைக்குக் காகிதம் எழுதியிருப்பேன். ஒரு மாதம் முறைத்துக்கொண்டு திரிந்திருப்பேன். அதற்குப் பிறகு டாக்குத்தரிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஒரு மாதக் கோபத்தோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம்.

மறுநாள் பெரிய கிளாக்கரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்று துணிந்துதான் போனேன். அவர் என் படிவத்தின் பிரதியை எடுத்துப் பார்த்தார். மூன்றாம் பக்கத்தில் நான் போட்ட இரட்டைக் கோடுகள் கடைசி வரை நேராக இறங்கியிருந்தன.

“இதை மனுசியிட்டைக் கேட்டுத்தானே எழுதினனீர்?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

“ஐசே, இதுக்கு ஓம் எண்டு எழுதினால் அந்த ஒரு வருத்தத்தை மட்டும் விட்டுப்போட்டு மிச்ச எல்லாத்துக்கும் சேர்ப்பாங்கள். வேற ஒண்டும் செய்யமாட்டாங்கள். இதிலை வேலை போறதுக்கு என்ன இருக்கு?”

அவரே ஒரு புதிய படிவம் தந்தார். அதைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் அவள் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். முட்டு என்ற வரியில் ‘ஓம்’ என்று எழுதினேன். ஒரு மாதத்தில் புதிய அட்டை வந்தது. அவளுடைய முட்டுக்கு அது உதவாது. முட்டுக்குப் பெரியாஸ்பத்திரியில் சும்மா மருந்து கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள்.

இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. எனக்கும் பென்சன் வயது நெருங்குகிறது. அவள் பிரசையாகி, இரண்டு பிள்ளை பெற்று, எங்கள் பாஷையில் பாதியைப் பழகிவிட்டாள். தேயிலைத் தூசிச் சட்டையை அன்றிலிருந்து நான்தான் துவைக்கிறேன். குசினிக்கு மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கிக் கொடுத்தேன். அவளிடம் நான் கேட்காத நாளில்லை. இழுக்குதா, படுக்க ஏலுமா, மருந்து எடுத்தீரா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். “ஒண்ணுமில்லீங்க” என்பதுதான் எப்போதும் பதில். இருமலை அடக்கிக்கொண்டு, கண் கலங்கச் சொல்லுவாள்.

போன கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்த தாதி ஒருத்தி புதிய அட்டை எழுதினாள். முட்டைத் தவிர வேறு வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டாள். கேள்வி என் மனைவியிடம்தான். அவள் தாதியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் என்ன எழுதச் சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள்.

“நீர் சொல்லும்,” என்றேன். “உம்மைத்தான் கேக்கினம்.”

“நீங்களே சொல்லிடுங்க,” என்றாள்.

“எனக்குத் தெரியாது. நீர்தான் சொல்லவேணும்.”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஒண்ணுமில்ல,” என்றாள். தாதி இல்லை என்று எழுதிக்கொண்டாள். வெளியே வந்து படியிறங்கும்போது இரண்டாம் படியில் நின்றுவிட்டாள். கையால் இடுப்பின் பின்பக்கம், நாரியைப் பிடித்துக்கொண்டு, நான் பார்க்கிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சட்டென்று கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.