கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்களாம்!

போன வாரம் மானாம்பதியிலிருந்து தம்பி ஏகாம்பரம் போன் செய்தான். குரலில் ஒரு கிசுகிசுப்பு.

“யக்கா, வசந்தா தினம் ரெண்டு மணிக்கு மகளிர் குழு கட்டடத்துக்குப் போறா. இருபது பொம்பளைங்க. கதவைச் சாத்திக்கினு இன்னாவோ பண்றாங்க. கேட்டா, ‘சும்மா படுத்துக்கினு இருக்கோம்’ன்றா. நம்பற மாதிரியா கீது? நீ வந்து பாரு. நீ சரின்னா போவட்டும். இல்லன்னா இன்னியோட நிறுத்திடறேன்.”

வசந்தா அவன் மனைவி. மாடு கறப்பதில் தொடங்கி, ராத்திரி அடுப்படி கழுவுவது வரை நிற்காத ஆள். அவள் உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. படுத்துக்கொண்டிருக்கிறாளாம்... அதுவும் பட்டப்பகலில்!

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. இலவச சர்க்கரைப் பரிசோதனை என்று போய், காந்த மெத்தையோடு வீடு திரும்பியவள் நான். யாராவது இலவசமாகப் படுக்கச் சொன்னால், முதலில் மெத்தை எங்கே என்றுதான் தேடுவேன்.

போனேன். மெத்தை இல்லை, கோரைப்பாய்தான். சாமியார் படமும் இல்லை. ஆனால் எல்லோருடைய செல்போனையும் வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட வேண்டுமாம். ஏன்? எதை மறைக்கிறார்கள்? எனக்குப் பிடிக்கவில்லை.

நடத்துவது மேரி. நடவு ஆட்களுக்கு அவள்தான் தலைவி. இடுப்பு வலிக்கு வைத்தியம் பார்க்கப் போன இடத்தில் இதைக் கற்றுக்கொண்டாளாம். நிலத்துக்காரி வசந்தாவும், அதே நிலத்தில் நாற்று நடும் பெண்களும் ஒரே வரிசையில் படுத்தார்கள். இது எந்தக் கட்சி வேலை என்றுகூட ஒரு கணம் யோசித்தேன்.

“கண்ணை மூடிக்கோங்க. காலை வுடுங்க. இடுப்பை வுடுங்க. பல்லைக் கடிச்சிக்கினு கீறீங்களே, அதையும் வுடுங்க” என்றாள் மேரி.

நான் ஒரு கண்ணை மட்டும் மூடினேன். உண்டியல் எப்போது வரும்? மூலிகை எண்ணெய் பாட்டில்? உறுப்பினர் படிவம்? ஒன்றும் வரவில்லை. ஃபேன் சத்தம்தான் கேட்டது. அரை மணி நேரம் பொறுத்துவிட்டு எழப் போனேன். மேரி என் தோளை அழுத்தினாள்.

“நடவுல வரிசை முடியாம எவளும் நிமிர மாட்டா, மேடம். இங்கயும் அதான். கடைசி ஆளு முழிச்சிக்கற வரைக்கும் யாரும் எழுந்துக்கக் கூடாது.”

அன்றைக்குக் கடைசி ஆள் வசந்தா. வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கினாள். மற்ற எல்லோரும் விழித்துவிட்டார்கள். ஆனாலும் அசையாமல், இருமலைக்கூட அடக்கிக்கொண்டு, அவளுக்காகப் படுத்துக் கிடந்தார்கள். நானும் அசையவில்லை.

வெளியே வந்ததும் வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வூட்ல பகல்ல படுத்தா, ‘உடம்புக்கு இன்னா?’ன்னு அத்தை கேக்கறாங்க, அண்ணி. ஒண்ணும் இல்லன்னா எழுந்துக்கணும். இங்க யாரும் காரணம் கேக்கறதில்ல. அவருகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?”

அந்த அத்தை என் அம்மா. நானும் அவளிடம் அப்படிக் கேட்டிருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? சாமியார், மெத்தை வியாபாரம் என்றால்கூட தம்பி திட்டிவிட்டு விட்டுவிடுவான். பெண்டாட்டி நிஜமாகவே சும்மா படுத்திருக்கிறாள் என்றால்? நிச்சயம் நிறுத்திவிடுவான். ஊரில் சந்தேகப்பட எத்தனையோ இருக்க, நாங்கள் இரண்டு பேரும் ஒரு பெண்ணின் ஒரு மணி நேரத் தூக்கத்தைத் துப்பறியக் கிளம்பியிருக்கிறோம்.

தம்பி வீட்டு வாசலிலேயே காத்திருந்தான்.

“இன்னாக்கா பண்றாங்க?”

“டிரெய்னிங்டா.”

முகம் மலர்ந்துவிட்டது. “அட, அதை அவ சொல்றதுக்கு இன்னா? சர்டிபிகேட் தருவாங்களா? எத்தினி நாளு?”

“ரொம்பக் கஷ்டமான டிரெய்னிங். வருஷக்கணக்காகும். நடுவுல நிறுத்திடாத.”

பொய் ஒன்றுமில்லை... இத்தனை நேரம் படுத்தும், எனக்கு இன்னொரு கண்ணை மூட வரவில்லையே!