டீச்சருக்கு வந்த பயம்

எங்கள் குடியிருப்பு ஒத்தக்கடையைத் தாண்டிப் புதிதாக முளைத்தது. அங்கே பேருந்து நிற்காது. நிறுத்தம் கேட்டு மனுக் கொடுக்கக் கிளம்பிய சங்கத்துக்கு நான் செயலாளர். ஒளிவுமறைவே கூடாது, எதுவானாலும் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில்தான் பேச வேண்டும் என்று சட்டம் போட்டவனும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

மெயின் ரோட்டு வளைவில் நிறுத்தம் கேட்கலாமா என்று எழுதினேன். அரைமணியில் கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. ஒரு மறுப்பும் இல்லை. பூரித்துப்போனேன். விரல் காட்டியவர்களில் பாதிப்பேர் என்னைப்போல் பைக்கில் போகிறவர்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

மறுநாள் டீச்சர் வரச்சொன்னார். மிஷன் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவர், யாருக்கும் பயப்படாதவர். அவருடைய சமையலறையில் எதிர்வீட்டுப் பெண் நின்றிருந்தாள். கப்பலூரில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள்.

“அண்ணே, வளைவுல ஒயின்ஷாப் இருக்குல்ல. வேல விட்டு வாரப்ப அங்க எறங்கணும்னு நெனச்சாலே நடுங்குது. கொஞ்சம் தள்ளி இருக்குற ஸ்கூல் வாசல்ல கேளுங்கண்ணே.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இத குரூப்புலயே சொல்லியிருக்கலாமேம்மா?”

“அங்க குடிச்சிட்டு நிக்கிறதுல எங்க கொழுந்தனாரும் ஒருத்தரு. குரூப்புலயும் இருக்காரு. எம்பேரு வெளிய வந்துச்சுன்னா, வேலைக்கே போக வேணாம்னுருவாகண்ணே.”

எல்லாருக்கும் பொது என்று நான் நினைத்த இடத்தில் அவளால் வாயே திறக்க முடியவில்லை. “அப்ப மனுவ நானே மாத்திரவா டீச்சர்? யாருக்கும் தெரிய வேணாம்” என்றேன்.

டீச்சர் முறைத்தார். “தெரியாம மாத்துனா யாரு கையெழுத்துப் போடுவா? கூட்டத்தக் கூட்டுங்க தம்பி.”

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கொழுந்தனார் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். டீச்சர் எழுந்தார்.

“அந்த வளைவுல நிக்க எனக்குப் பயமா இருக்கு. ஸ்கூல் வாசல்ல நின்னாத்தான் நான் பஸ் ஏறுவேன்.”

ஸ்கூட்டியை விட்டு இறங்காத டீச்சர் சொல்கிறார்! யாரும் சிரிக்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெண் “எனக்கும்” என்றாள். இன்னொருத்தி கை தூக்கினாள். கூட்டத்தோடு கூட்டமாக எதிர்வீட்டுப் பெண்ணின் கையும் எழுந்தது.

இப்போது பேருந்து பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. சொன்ன சொல்லுக்காக டீச்சரும் ஸ்கூட்டியை விட்டுவிட்டு முனகிக்கொண்டே ஏறுகிறார். எனக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம். அவருக்கு ஜன்னலோரம் இடம்பிடித்து வைக்கும் எதிர்வீட்டுப் பெண்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். கூட்டம் முடிந்த அன்றே கொழுந்தனார் வீட்டில் அக்கறையாகச் சொன்னாராம்:

“டீச்சருக்கே பயமாம் மதினி. நீங்களும் ஸ்கூல் வாசல்லயே எறங்கிக்கோங்க.”