ஊசியும் விரதமும்

எங்கள் அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபம் இருக்கிற இடத்தில்தான் குணம் இருக்கும் என்று ஊரில் உறவுக்காரர்கள் சொல்வார்கள். சொன்னவர்கள் யாரும் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கியதில்லை. அறுபதுகளின் கடைசியில் அவர் சாய ஆராய்ச்சிக்காக ஜெர்மனியில் டுசல்டோர்ஃபுக்கு வந்தார். பின்னாலேயே அம்மாவும் நானும் வந்து சேர்ந்தோம். கோபத்துக்கு விசா தேவைப்படவில்லை. குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். அம்மா பதில் பேசினால் அறை விழும். அதன் பிறகு அவள் சமையலறைக்குப் போய்விடுவாள், நான் என் அறைக்குப் போய்விடுவேன். கொஞ்ச நேரத்தில் வானொலி பாடத் தொடங்கினால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது அவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தது. தினமும் காலையில் இன்சுலின் போட்டுக்கொள்ள வேண்டும், போட்டதும் சாப்பிட்டுவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்பா "யா, யா" என்று தலையாட்டினார். கண்ணாடி ஊசியைச் சின்னப் பாத்திரத்தில் கொதிக்க வைத்துத் தானே தொடையில் குத்திக்கொள்வார். ஆராய்ச்சிக்கூடத்துக்காரர் அல்லவா, அதில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

அந்தக் குளிர்காலத்தில் தை அமாவாசை வந்தது. தாத்தா இறந்ததிலிருந்து அப்பா அதை விட்டதில்லை. படையல் போட்டு, காக்காய்க்குச் சோறு வைத்து, அது கொத்திய பிறகுதான் வாயில் தண்ணீர் படும். டுசல்டோர்ஃபிலும் காக்காய் உண்டு. முந்தைய வருடங்களில் எப்படியும் ஒன்று வந்து கொத்திவிட்டுப் போயிருக்கிறது. ஆனால் அப்போது இன்சுலின் இல்லை. அன்று காலை எழுந்ததும் வழக்கம்போல ஊசி போட்டுக்கொண்டார். பிறகு குளித்து, வேட்டி கட்டி, விரதம் இருந்தார். மருந்தையும் தவறவிடக் கூடாது, விரதத்தையும் தவறவிடக் கூடாது. இரண்டையும் பிசகில்லாமல் செய்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அம்மாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

பால்கனியில் வைத்த சோறு பனியில் விறைத்துக் கிடந்தது. பருப்பும் பூசணிக் கூட்டும் பாயசமும் ஆறிப்போயின. நடுப்பகலுக்குப் பிறகும் அப்பா பால்கனிக் கதவருகே நின்றுகொண்டே இருந்தார்.

"ஏங்க, ஒரு வாய் பாயசமாவது குடிங்க" என்றாள் அம்மா.

"எங்கப்பாவுக்கு முன்னாடி நான் திங்கணுமா? வாய மூடு."

"வரலைன்னா என்ன பண்றது? எவ்வளவு நேரம்தான்..."

அறை விழுந்தது. அம்மா சமையலறைக்குப் போனாள். நான் என் அறைக்குப் போனேன். எல்லாம் முறைப்படி நடந்துகொண்டிருந்தது. ஆனால் அன்று அவர் சமையலறைக்குள்ளும் போனார். நீதான் காக்காயை விரட்டினாய் என்று குழறிக்கொண்டே அம்மாவின் தலைமுடியைப் பிடித்து அலமாரியில் மோதினார். தட்டுகள் சரிந்து உடைந்தன. நான் ஓடி வந்து பார்த்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கதவைத் திறந்து வைத்திருந்ததால் வீடே பனிக்கட்டியாக இருந்தது. கோபத்தில் வேர்க்கிறது என்று நினைத்தேன். செத்துத் தொலையட்டும் என்றும் நினைத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், பன்னிரண்டு வயதில் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு அவர் அம்மாவை விட்டுவிட்டு பால்கனிக் கதவுக்குப் போய் கண்ணாடியில் ஓங்கிக் குத்தினார். அது உடைந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அதே இடத்தில் மறுபடி குத்தினார். ஒரு வசவுகூட வாயில் வரவில்லை. அப்பா திட்டாமல் எதையும் அடித்தவர் இல்லை.

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "இது அவரில்லடி. காலைல ஊசி போட்டாரு. வயித்துல ஒண்ணுமே இல்ல, சர்க்கரை எறங்கிருச்சு. கீழ போய் ஆம்புலன்சுக்குப் போன் பண்ணச் சொல்லு, ஓடு."

கீழ்வீட்டுக்காரர் ஏற்கெனவே போன் செய்திருந்தார், போலீசுக்கு. ஞாயிற்றுக்கிழமை மதியம் கூச்சல் போட்டால் அங்கே அதுதான் நடக்கும். ஆம்புலன்சுக்கும் பேசச் சொல்லிவிட்டு நான் திரும்பி ஏறும்போதே இரண்டு போலீஸ்காரர்கள் பின்னால் வந்துவிட்டார்கள். முகம் வீங்கிய ஒரு பெண்ணையும் ரத்தக் கையோடு நிற்கும் ஒரு கறுப்பு மனிதனையும் பார்த்தார்கள். கேள்வி கேட்கவில்லை. அப்பாவை உடைந்த கண்ணாடி மேலேயே குப்புறத் தள்ளி, ஒருவர் முதுகில் முழங்காலை ஊன்றினார், மற்றவர் கையை முறுக்கினார். அப்பா மாடு மாதிரி அலறினார்.

"குடித்திருக்கிறான்" என்றார் ஒருவர்.

"சர்க்கரை நோயாளி, விடுங்கள்" என்று ஜெர்மனில் கத்திக்கொண்டு அந்தப் போலீஸ்காரர் முதுகில் என் இரண்டு கைகளாலும் குத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அம்மா பாயசப் பாத்திரத்தோடு வந்தாள். "விடச் சொல்லாத. பிடிச்சுக்கிட்டே இருக்கச் சொல்லு. முகத்த மட்டும் திருப்பச் சொல்லு."

சொன்னேன். என் வார்த்தையைவிட அம்மாவின் முகம்தான் அவர்களை நம்ப வைத்திருக்க வேண்டும், திருப்பினார்கள். அவள் கண்ணாடித் துண்டுகளின் மேல் மண்டியிட்டு, பாயசத்தை விரலால் வழித்து அவர் கன்னத்துக்குள்ளே தேய்த்தாள். காக்காய் தொடாத சோற்றை அவளும் அதுவரை யாருக்கும் பரிமாறியதில்லை. அப்பா விரலைக் கடித்தார். அவள் கையை எடுக்கவில்லை. பல் இறங்குவது அவள் முகத்தில் தெரிந்தது.

"முழுங்கு" என்றாள். "முழுங்குடா."

அவள் அவரை 'டா' போட்டுக் கூப்பிட்டு நான் கேட்டது அன்று மட்டும்தான். அவர் முழுங்கினார். மறுபடி கடித்தார், மறுபடி முழுங்கினார். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றும்வரை அவள் விடவில்லை. தாமதித்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அவர் சாகக் கூடாது என்று அப்போது எவ்வளவு வெறியோடு விரும்பினேன் என்பது எனக்கே ஆச்சரியம்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு நினைவு தெளிந்துவிட்டது. நடந்தது எதுவும் ஞாபகம் இல்லை. கட்டுப்போட்ட கையைப் பார்த்து, என்ன ஆச்சு என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் கட்டிலருகே நின்று அம்மாவை விசாரித்தார். மொழிபெயர்க்க என்னைவிட்டால் ஆள் இல்லை.

"அவரு சரியா இல்லன்னு முதல்ல எப்பத் தெரிஞ்சதுன்னு கேக்கறாரும்மா."

அம்மா யோசித்தாள். "கண்ணாடிய அடிச்சப்ப."

டாக்டர் அவள் வீங்கிய கன்னத்தையும் மூடிப்போன கண்ணையும் பார்த்தார். இது அதற்குப் பிறகு நடந்ததா என்று கேட்டார். அம்மாவிடம் சொன்னேன்.

"இல்ல, அதுக்கு முன்னாடி" என்றாள். "அப்ப ஒண்ணும் வித்தியாசமாத் தெரியல. எப்பவும் போலத்தான் இருந்தாரு."

அவள் புகார் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு யோசித்துச் சரியான பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் ஒரு சொல்லையும் விடாமல், கொஞ்சம் சத்தமாகவே டாக்டரிடம் சொன்னேன். அப்பா தூங்கவில்லை. இமைகள் துடிப்பதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் அவருக்குத்தான் நல்ல ஜெர்மன் தெரியும். அம்மா சொன்னதைத் தமிழில் ஒருமுறையும், நான் சொன்னதை ஜெர்மனில் ஒருமுறையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.